பளிச் கம்பெனியின் இருபதாயிரம் பேர்

பாண்டுரங்கன் சாரை அவர் டை கட்டிய காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஒரகடத்தில் போனுக்குச் சார்ஜர் செய்யும் கம்பெனியில் அவர் எச்.ஆர்., நான் ஃபைனல் செக்கிங். லைனில் வரும் சார்ஜரை எடுத்துப் பார்த்து, நல்லதை முன்னால் தள்ளி, கெட்டதைச் சிவப்புத் தொட்டியில் போடுவது என் வேலை. எட்டு வருஷம் அதையே செய்தேன். அவருடைய வேலை என்னவென்று அந்த எட்டு வருஷமும் எனக்குப் பிடிபடவில்லை. ஆயுத பூஜைக்குப் பொரி கொடுப்பார். லீவு கேட்டால் இல்லை என்பார்.

2014 கடைசியில் பெரிய போன் கம்பெனி கதவைச் சாத்தியது. போனே இல்லாத இடத்தில் சார்ஜருக்கு என்ன வேலை? எங்களையும் ஒருநாள் கேன்டீனில் உட்கார வைத்தார்கள். பாண்டுரங்கன் சார்தான் பேசினார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார், குரல் தழுதழுத்தது, கைக்குட்டையை எடுத்தார், பிறகு ஆளுக்கொரு கவரைக் கொடுத்தார். யாருக்கு எவ்வளவு செட்டில்மென்ட் என்பது அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் அவரைச் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தேன். டை போயிருந்தது. தாடி வந்திருந்தது. மஞ்சள் டி-ஷர்ட், நெஞ்சில் ‘பளிச்’ என்று எழுத்து. சுற்றி எங்கள் பழைய லைன் ஆட்கள். இனிமேல் தான் எச்.ஆர். இல்லை, ஃபவுண்டர் என்றார். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்கள் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால், பளிச் ஆள் ஹாஸ்டலுக்கே வந்து யூனிஃபார்மை வாங்கிப் போய், துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்த ஷிப்டுக்குள் கொண்டுவந்து கொடுப்பானாம். அதற்குப் பெயர் டெக்னாலஜி. எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர், ஆனால் அதில் ஷேர் விற்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பிரவீன்குமார் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றிருந்தார். அவர் சுங்குவார்சத்திரத்துக்காரர், அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தார். நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். இரண்டு வீட்டோடும் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டோம். நல்ல மனுஷன்தான். யாராவது இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசிவிட்டால் மட்டும் வாயைப் பிளந்துவிடுவார்.

எனக்கு வேறு கணக்கு இருந்தது. ஒரகடம் கூட்ரோட்டில் ஜெயலட்சுமி அக்காவின் கட்டடம் ஒன்று காலியாகக் கிடந்தது. கீழே நீளமான ஹால், பின்னால் தண்ணீர்த் தொட்டி. அதில் மெஸ் போட வேண்டும் என்பது என் ஆசை. சுற்றிலும் பெண்கள் ஹாஸ்டல். தெற்கேயிருந்து வந்த பிள்ளைகள், சாம்பார் என்ற பெயரில் ஊற்றுகிற மஞ்சள் தண்ணீரில் சோற்றை நனைத்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் எட்டு வருஷம் அதைத்தான் விழுங்கினேன். அடுப்பு எந்த மூலை, பாத்திரம் கழுவ எந்த மூலை என்றுகூட சாக்பீஸால் தரையில் கோடு போட்டு வைத்திருந்தேன். என் செட்டில்மென்ட் மொத்தத்துக்கும் செக் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அக்காவிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பாத்திரம் பண்டத்தைக் கடனுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று இவரிடம் கொடுத்தேன். பெயர் எழுதும் இடத்தை மட்டும் அக்காவிடம் கேட்டு எழுதச் சொன்னேன். எழுதினார், பளிச் என்று.

“அக்காட்ட செக்கக் குடுத்தாச்சா?” என்று கேட்டேன்.

“அத்த வுடு செல்வி. அதுக்கு மேல ஒண்ணு பண்ணிகீறேன்” என்று சிரித்தார். “சோறு ஆக்கிப் போட்டு இன்னா சம்பாதிச்சிடப் போற? இது டெக்னாலஜி ஸ்டாக்கு. பெங்களூர்ல நாய் குளிப்பாட்ற ஆப்புக்கே கோடி கோடியா கொட்றானுங்க.”

“நாயக் கண்டாலே ஓடுத பாண்டுரங்கன் சார் கையில என் துட்டக் குடுத்துட்டியளா?”

“ஆறு மாசம் பொறு. பத்து மடங்கு.”

அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டில் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். செக் போனது போனதுதான். அதற்குப் பதிலாக வந்தது ஒரு காகிதம். அதை அவர் லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். காலையில் விபூதி பூசும்போது அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

பத்து மடங்கு கதை இதுதான். எங்களுக்கு ஷேரைப் பத்து ரூபாய்க்குக் கொடுத்த பாண்டுரங்கன், அடுத்து வந்தவர்களுக்கு ஐம்பதுக்குக் கொடுத்தார். அதற்கடுத்து பெயின்ட் கம்பெனிப் பையன்களுக்கு நூறு. உடனே எங்கள் காகிதமும் நூறு ஆகிவிட்டதாம். யார் சொன்னது? விற்றவரே சொன்னார். விற்கிறேன், நூறு வேண்டாம், இருபது கொடுங்கள் என்று நான் போய் நின்றபோது, இப்போது யாரும் வாங்குகிற நேரமில்லை என்றார். விலை மட்டும் உண்டு, வாங்க ஆள் கிடையாது. இப்படி ஒரு சரக்கைச் சந்தையில் வைத்தால் ஊரே சிரிக்கும். பேப்பரில் வைத்தால் புருஷன்மார் விபூதி பூசுகிறார்கள்.

ஆனி கடைசியில் ஜெயலட்சுமி அக்காவிடம் போய் நின்றேன். அவள் பொல்லாதவள் இல்லை. “இன்னா செல்வி, ஆடில எவனும் கடை தொறக்க மாட்டான். அது முடியங்காட்டியும் சாவி என்கிட்டதான் இருக்கும்” என்றாள். “ஆவணி பொறந்தா, அட்வான்ஸோட யார் மொதல்ல வராங்களோ அவங்களுக்குத்தான். அப்பறம் என்னைச் சொல்லக் கூடாது.”

ஆக, ஆடி முடிவதற்குள் என் பணம் வெளியே வர வேண்டும். அதற்காகத்தான் பளிச்சிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். உள்ளே இருந்தால்தான் பணம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. எங்கேயும் இல்லை.

ஒரகடத்துக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். பத்து வாஷிங் மெஷின், எல்லாம் வாடகைக்கு. முன்பக்கம் ஒரு ஏசி ரூம், அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மூட்டை நாற்காலிகள். சுவரில் பெரிய டிவி. அதில் படம் ஓடாது, பளிச்சில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற எண் மட்டும் ஓடும். ஆயிரம் கூடும்போதெல்லாம் பாண்டுரங்கன் ஒரு பித்தளை மணியை அடிப்பார், எல்லோருக்கும் கேசரி வரும். நான் சேர்ந்தபோது எண் இருபதாயிரத்தைத் தொட்டிருந்தது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாலு தடவை துவைப்பது இலவசம். நம் பையன்களுக்கு இது போதாதா? ஆளுக்கு நாலு சிம் வைத்திருக்கிறவர்கள். ஒரு நம்பரில் இலவசம் தீர்ந்தால் அடுத்த நம்பரில் புதிதாகச் சேர்ந்துவிடுவார்கள். யூனிஃபார்ம் வந்ததோ இல்லையோ, லுங்கி வந்தது, போர்வை வந்தது, லாட்ஜ் திரைச்சீலை வந்தது, ஒருநாள் ஷேர் ஆட்டோவின் சீட் கவர் வந்தது. பத்து மெஷினில் ஏழு ஓசித் துணிக்காகவே ஓடிக்கொண்டிருந்தன. காசு கொடுத்துத் துவைத்தவர்கள் எண்ணூறு பேர் தேறினால் அதிகம். இதை யாரும் மறைக்கவில்லை. பாண்டுரங்கனுக்குத் தெரியும், என் புருஷனுக்கும் நான் சொன்னேன். “அதுதாம்மே க்ரோத்து” என்றார்.

ஆடி பாதியில் பாண்டுரங்கன் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். பெங்களூரிலிருந்து ரத்னா என்ற மேடம் வருகிறாராம், ஆடிக் கடைசி வெள்ளி. புதுக் கம்பெனிகளில் பணம் போடுகிற பெரிய ஃபண்டு. அவர் பணம் போட்டால் பழைய ஷேரை வைத்திருப்பவர்கள் வேண்டுமென்றால் விற்றுக்கொள்ளலாம். இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தே சொன்னார்.

“செல்வி, நான் நேரா பெங்களூர் போய் அவங்கள கூட்டிட்டு வரேன். நீதான் ஆடிட்ல கில்லாடி. இங்க எல்லாத்தையும் ஆடிட் மாதிரி ரெடி பண்ணி வெச்சிடு.”

ஆடிட் என்றால் என்னவென்று எங்களைக் கேட்க வேண்டும். சார்ஜர் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறான் என்றால் எங்கள் கம்பெனியே புதுப்பெண் ஆகிவிடும். தரையில் மஞ்சள் டேப் புதிதாக ஒட்டுவோம். எல்லோருக்கும் புதுக் கையுறை. கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு மூச்சு விடக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ரிஜெக்டை, அதாவது கெட்ட சார்ஜரை, கண்ணில் படாமல் மறைப்பது. சிவப்புத் தொட்டிகள் எல்லாவற்றையும் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவோம். ஆடிட்டர் கிளம்பும்வரை அந்த பஸ் சிங்கப்பெருமாள் கோவில் வரை போவதும் வருவதுமாக இருக்கும். நாங்கள் நின்றுகொண்டு வேலைக்கு வருவோம், ரிஜெக்ட் சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றும். இதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. ஒரு ஆடிட்டிலும் எங்கள் லைன் தோற்றதில்லை.

எனவே அவர் பெங்களூர் கிளம்பியதும் ஆடிட் செய்தேன். தரையில் டேப் ஒட்டினேன். அழுக்குக்கு ஒரு பக்கம், வெளுத்ததற்கு ஒரு பக்கம் பிரித்தேன். ஓசித் துணி மூட்டைகளைத் துவைக்காமலே திருப்பி அனுப்பினேன். பையன்கள் கத்தினார்கள், கத்தட்டும் என்றேன். ஏழு மெஷினை நிறுத்தி, வாடகைக்கு விட்டவரைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மூட்டை நாற்காலிகளைப் பின்பக்கம் தள்ளினேன். பித்தளை மணியைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து மாட்டினேன்.

கடைசியாக டிவி. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது இசக்கிசெல்வி, லைனில் என் பக்கத்து சீட்டுக்காரி. அவளும் பளிச்சில் பணம் போட்டவள்.

“ஏ இசக்கி, ஒரு தடவையாச்சும் காசு குடுத்து வெளுத்தவன் மட்டும் இருக்கட்டும். மத்த நம்பர அம்புட்டையும் எடுத்துரு” என்றேன்.

“அம்புட்டும் போயிருமே, எக்கா?”

“ரிஜெக்ட லைன்ல வச்சிக்கிட்டா ஆடிட்டரக் கூப்பிடுவ?”

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. எட்டு வருஷம் சிவப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளாயிற்றே. அழுத்தினாள். டிவியில் இருபதாயிரம் போய் எண்ணூற்றுச் சொச்சம் வந்தது. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. எண்ணூறும் காசு கொடுக்கிற எண்ணூறு. மூன்று மெஷின் போதும், கரண்டு பில் பாதியானது, இந்த வேகத்தில் போனால் அடுத்த மாதமே கையில் நாலு காசு நிற்கும். இதைப் பார்த்தால் யார்தான் பணம் போட மாட்டார்கள் என்று நினைத்தேன். என் ஹாலில் அடுப்பே பற்றவைத்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வழி முழுக்க அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கார் வந்து நின்றது. ரத்னா மேடம் கைத்தறிப் புடவையும், ஓடும்போது போடுகிற ஷூவும் போட்டிருந்தார். நல்ல தமிழ் பேசினார். பின்னாலேயே பாண்டுரங்கன், புது டி-ஷர்ட்டில். என் புருஷன் இஸ்திரி போட்ட சட்டையோடு, பங்குதாரர் என்ற தோரணையில் வாசலில் நின்று கும்பிட்டார்.

மேடம் உள்ளே வந்து தரையைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். “ரொம்ப நீட்டா இருக்கே” என்றார். எனக்கு மனசு பூரித்துப்போனது. பிறகு டிவியைப் பார்த்தார்.

“இது என்ன நம்பர்? இன்னிக்கு மட்டும் வந்தவங்களா?”

பாண்டுரங்கன் டிவியைப் பார்த்தார். என் ஆயுளில் ஒரு முகம் அப்படி நிறம் மாறிப் பார்த்ததில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் என்பதால் நான் பதில் சொன்னேன்.

“மொத்தமே இம்புட்டுதான் மேடம். மத்ததெல்லாம் ரிஜெக்ட். எடுத்துட்டோம்.”

“ரிஜெக்ட்டா?”

“ஓசிக்கு வெளுக்க வந்தவிய. ஒருத்தனே நாலு பேரா வந்தவன். இவியள்லாம் காசு குடுக்கவிய. மாசாமாசம் நட்டம் இருந்தது, இப்ப இல்ல. மூணு மெஷின்லயே ஓட்டுதோம்.”

மேடம் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. ஜவுளிக் கடையில் தவறான மாடிக்கு வந்துவிட்டவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“பாண்டு, போன வாரம் இருபதாயிரம்னு சொன்னீங்க. வருஷக் கடைசியில ரெண்டு லட்சம்னு சொன்னீங்க.”

“மேடம், அது டெக்னிக்கல் இஷ்யூ, திரும்பக் கொண்டுவந்துடலாம்...”

“நான் பணம் குடுத்தா அத எவ்வளவு வேகமா செலவு பண்ணுவீங்கன்னு பாக்கத்தான் வந்தேன். இவங்க மிச்சம் பிடிக்கிறாங்க.” கைப்பையை எடுத்துக்கொண்டார். என்னிடம் திரும்பி, அன்பாகவே சொன்னார். “இது ஒரு நல்ல லாண்டரிம்மா. நான் லாண்டரியில இன்வெஸ்ட் பண்றதில்ல.”

கார் போய்விட்டது. கேசரி அண்டாவோடு ஒருவர் உள்ளே வந்தார். யாரும் வாங்கவில்லை.

பாண்டுரங்கன் வாயைத் திறப்பதற்குள் என் புருஷன் திறந்தார். “பெருக்கினியே, நல்லா பெருக்கின! கோடிக்கணக்குல பெருக்கித் தள்ளிட்டியே!” இத்தனை பேர் முன்னால் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. என் ஹாலை விழுங்கியபோது குரல் தழைந்துதான் இருந்தது. இல்லாத பத்தொன்பதாயிரம் பேரை நான் அழித்ததற்கு மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இசக்கிசெல்வியும் என்னோடு பேசவில்லை. பெயின்ட் கம்பெனிப் பையன்கள் வீட்டு வாசலுக்கே வந்து திட்டிவிட்டுப் போனார்கள். ஊர் முழுக்க இதுதான் பேச்சு: நன்றாக வந்திருக்க வேண்டிய கம்பெனி, ஒரு பொம்பளை கூட்டிப் பெருக்கிக் கெடுத்துவிட்டாள். பணத்தை வாங்கிச் சாப்பிட்டவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாண்டுரங்கன் சார் பாவமாம். நல்ல ஐடியாவாம். எனக்கு இவர்களைப் பார்த்து அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

வெறும் லாண்டரி நடத்தப் பாண்டுரங்கனுக்கு மனமில்லை, பதினைந்தே நாளில் ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. அதற்கு முன்பே ஆவணி பிறந்துவிட்டது. முதல் முகூர்த்தத்தன்றே ஜெயலட்சுமி அக்காவின் ஹாலுக்கு ஆள் வந்துவிட்டார்கள். அவள் கேட்ட அட்வான்ஸைப் போல இரண்டு மடங்கு கொடுத்தார்களாம். “ஏதோ துணி துவைக்கிற கம்பெனியாம் செல்வி. சலவான்னு பேரு. அந்த பெங்களூர் மேடம் இல்ல, அவங்கதான் பணம் போட்டுகீறாங்களாம்” என்றாள். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சலவாவில் முதல் பத்து தடவை இலவசம். மெஷின்கூடக் கிடையாது, துணியை வெளியே கொடுத்துத் துவைத்து வாங்குகிறார்கள். பாண்டுரங்கன் சார் அங்கே ஆலோசகர். டி-ஷர்ட் மட்டும் நீலமாகிவிட்டது. புரட்டாசியில் அவரே போன் செய்தார். பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், நாமெல்லாம் ஒரே குடும்பம், ஒரு வேலை இருக்கிறது, வருகிறாயா என்றார். வீட்டு வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது. என் புருஷன் லேமினேட் செய்த காகிதத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மார்க்கெட் திரும்பும் என்று போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போகாமல் என்ன செய்வேன்?

என் வேலை இதுதான். ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிம் கார்டு. ஒன்றைப் போனில் போடுவேன், ஒரு பெயர், ஒரு ஹாஸ்டல் விலாசம் கொடுத்துச் சலவாவில் சேர்ப்பேன், கழற்றுவேன், அடுத்தது. தரையில் நான் அடுப்புக்குக் குறித்த மூலையில்தான் என் மேசை. சாக்பீஸ் கோடு போய்விட்டது, இடம் எனக்குத் தெரியும். சம்பளம் முதல் தேதியே வந்துவிடுகிறது. இவர்கள் சுருட்டுவதைப் பார்க்கும்போது, எனக்குக் கிடைப்பது வெறும் கொசுறு.

முதலில் லைனில் இருந்தவர்கள் பெயரைப் போட்டேன். பிறகு எங்கள் ஊர்க்காரர்கள், பிறகு செத்தவர்கள், பிறகு சாமிகள். ஐயனார் பதினோராவது ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார். மாடத்தி என்ற பெயரில் மட்டும் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். நேற்று பெயர் எதுவும் வரவில்லை. பாண்டிச்செல்வி என்று என் பெயரையே போட்டேன். உங்களை வரவேற்கிறோம், பத்து தடவை இலவசம் என்று மெசேஜ் வந்தது.

அதோடு சுவரிலிருந்த டிவியில் நாற்பதாயிரம் ஆனது. பாண்டுரங்கன் ஓடிப் போய் மணியை அடித்தார். அதே பித்தளை மணிதான், நான் புளி போட்டுத் தேய்த்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தொன்னையில் கேசரி கொடுத்தார்கள், நானும் வாங்கிச் சாப்பிட்டேன். சர்க்கரை கூடுதல், நெய் இல்லை, ரவையை வறுக்கவே இல்லை. இந்த மூலையில் நின்று நான் கிண்டியிருந்தால் இப்படி இருந்திருக்காது.